'நாளை' என்னும் ஒரு சொல்: நந்தன் கீர்த்தனைக்குக் கண்ட பொருள்கள்

திருநாளைப்போவார் என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. தில்லைக்கு நாளை போவேன், நாளை போவேன் என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்த ஒருவருக்கு அச்சொல்லே பெயராக நிலைத்துவிட்டது. கொள்ளிடக் கரையிலுள்ள ஆதனூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறக்குறைய ஒரு நாள் நடையே. ஒரு நாள் நடையில் அடையக்கூடிய ஊருக்கு ஒருவர் ஏன் நாளை, நாளை என்று பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும்? இவ்வினாவுக்குத் தமிழில் ஏழு நூற்றாண்டு இடைவெளியில் இருவேறு விடைகள் தரப்பட்டன. ஒன்று சேக்கிழார் தந்தது. மற்றொன்று கோபாலகிருஷ்ண பாரதியார் தந்தது. பின்னது பாட்டாக வந்தது. பாட்டாக வந்த காரணத்தால் அது மக்கள் நாவில் தங்கியது. அதே காரணத்தால் அதன் பொருளும் பலவாறு திரிந்தது.

முதலில் சேக்கிழாரைக் காண வேண்டும். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் ஒரு தொடரளவிலும், நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் ஒரு செய்யுளளவிலும் குறித்துச் சென்ற இவ்வடியாரை, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் 37 பாடல்களில் விரித்துரைத்தார். ஆதனூர்ப் புலைப்பாடியை அவர் வருணிக்கும் பகுதி பெரியபுராணத்திலேயே தனித்துவம் வாய்ந்தது. மரநிழலில் தோல்விரிப்பில் உறங்கும் குழந்தை, கிளைகளில் தொங்கும் பறைகள், குடிசைகளைச் சுற்றித் திரியும் கோழிகள், நாய்க்குட்டிகள் ஆகிய யாவும் அருவருப்பின்றிக் கூறப்படுகின்றன. அங்கு வாழ்ந்த நந்தனார், ஊரார் விட்ட மானிய நிலத்தின் விளைவை உணவுக்குரிய உரிமையாகக் கொண்டு, கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் வழங்கிவந்தார். அவர் ஊர்த்தொண்டர். சேக்கிழார் காட்டும் நந்தனாருக்கு மேலே ஆண்டை என்று ஒருவர் இல்லை என்பது இங்கு மிகவும் நோக்கத்தக்கது.

அவ்வாறாயின் அவர் தில்லைக்குச் செல்வதைத் தடுத்தது எது? தம் குலத்துக்கு அந்தத் தலத்துள் நுழைதல் இயையாது என்ற அவருடைய உள்ளத்து நினைவே. ஆசை உந்தும், நினைவு நிறுத்தும். இவ்விரண்டுக்கும் இடையில் பிறந்த சொல்தான் 'நாளை'. இறுதியில் அவர் சென்றார். தில்லையின் எல்லையை இரவும் பகலும் வலம்வந்தார். இறைவன் கனவில் தோன்றித் தீயில் மூழ்கி வருமாறு பணித்தார். தில்லைவாழ் அந்தணர் தீ அமைத்தனர். நந்தனார் அதனுள் புகுந்து முந்நூல் அணிந்த முனிவராய் வெளிப்பட்டு, அம்பலத்துள் சென்று மறைந்தார். சேக்கிழாரிடம் தடை அகத்தே இருக்கிறது. புறத்தேயும் அது உண்டு. ஆனால் அதனை யாரும் வாய்திறந்து கூறுவதில்லை.

கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டினர். நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்தவர். முடிகொண்டானிலும் மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்திலும் வாழ்ந்தவர். மணம் செய்துகொள்ளாமல், யோகத்திலும் அத்துவைத வேதாந்தத்திலும் தோய்ந்து, கருநாடக இசையோடு இந்துஸ்தானி இசையையும் பயின்றவர். அவரை ஆதரித்தோர் காவிரிப் படுகையின் மிராசுதார்கள். அவர்களுடைய திண்ணைகளில் அமர்ந்து பாடிய ஒருவருக்கு, வயலில் குனிந்து நின்ற பண்ணையாட்கள் கண்ணில் படாமல் இருந்திருக்க இயலாது.

பாரதியார் நந்தன் கதையை எடுத்துக்கொண்டபோது சேக்கிழாரிடம் இல்லாத ஒருவரைப் படைத்தார். அவரே வேதியர் என்னும் ஆண்டை. இதனால் நந்தனார் ஊர்த்தொண்டர் என்ற நிலையினின்றும் மாறிப் பண்ணையாளாகிவிடுகிறார். தில்லைக்குச் செல்ல அவர் விடைகேட்கிறார், ஆண்டை மறுக்கிறார், இழிசொற்களால் வைகிறார், பின்னர் நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார். ஒரு வேலி ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். எனவே நாற்பது வேலி என்பது 260 ஏக்கருக்கு மேற்பட்டது. தனியொருவன் செய்யக்கூடிய வேலையன்று. போகாதே என்பதைப் 'போ' என்ற சொல்லால் கூறும் முறை அது. இறையருளால் அவ்வேலை ஒரே இரவில் முடிந்துவிட, வேதியர் தம் பண்ணையாளின் காலில் விழுகிறார்.

இங்கே 'நாளை' என்னும் சொல்லின் பொருள் அடியோடு மாறிவிடுகிறது. அது தயக்கத்தின் சொல்லாக இல்லை. அனுமதிக்குக் காத்திருக்கும் ஒருவனின் சொல்லாகிவிடுகிறது. காலத்தையும் பாரதியார் நுட்பமாகத் தேர்ந்திருக்கிறார். நந்தன் போக விரும்புவது மார்கழித் திருவாதிரைக்கு. காவிரிப் படுகையில் மார்கழி என்பது சம்பாப் பயிர் முற்றி நிற்கும் பருவம், தையில் அறுவடை. ஓர் ஆள் குறைந்தாலும் பண்ணைக்கு இழப்பு. ஆகவே வேதியரின் மறுப்பில் சாதிச் செருக்கோடு நிலவுடைமையாளரின் கணக்கும் கலந்திருக்கிறது. திருவிழாவும் அறுவடையும் ஒன்றையொன்று நெருக்கும் அந்தச் சில வாரங்களில்தான் இக்கதை முழுவதும் இயங்குகிறது. பக்திப் பாடலாக மட்டும் இதனைக் கற்பிக்கும்போது இச்செய்தி வகுப்பறையில் விடுபட்டுப்போகிறது.

இங்கு வரலாற்றுச் செய்தி ஒன்றை நினைவிற்கொள்ளுதல் பொருந்தும். பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமை முறையைச் சட்டம் ஏற்பதில்லை என்று 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அறிவித்தது. ஆயினும் கடனாலும் வழக்கத்தாலும் பிணைக்கப்பட்ட பண்ணையாட்கள் தஞ்சைப் பகுதியில் அதன்பின்னரும் நெடுங்காலம் இருந்தனர். கீர்த்தனை அச்சேறியது 1860களின் தொடக்கத்தில். பாரதியார் பிறந்த ஊருக்கு அண்மையிலுள்ள நாகப்பட்டினத் துறையினின்றும் பினாங்குக்குக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் அக்காலத்தில்தான் சென்றுகொண்டிருந்தன. தஞ்சை மாவட்டத்து உழவுத் தொழிலாளர் பலர் அக்கப்பல்களில் மலாயா வந்தனர். நந்தன் வடக்கே ஒரு நாள் நடைக்கு விடைகேட்டு நின்ற அதே வட்டாரத்தினின்றும், விடைகேளாமலே கிழக்கே கடல் கடந்தோரும் இருந்தனர். மலேசிய, சிங்கப்பூர் மாணவர்க்கு இக்கீர்த்தனை தொலைவிலுள்ள ஒரு கோயில் கதை மட்டுமன்று.

கீர்த்தனைக்குப் பொருள் காண்போர் முதலில் கேட்க வேண்டிய வினா, இதனைப் பாடுபவர் யார் என்பது. தனிநிலைக் கீர்த்தனை இயற்றிய தியாகராசர் போன்றோரின் பாடல்களில் பாடுபவரும் புலவரும் பெரும்பாலும் ஒருவரே. நந்தன் சரித்திரமோ நாடகப் பாங்கில் அமைந்த கதைப்பாட்டு. கீர்த்தனை, விருத்தம், நொண்டிச்சிந்து, இருசொல்லலங்காரம் எனப் பல உருவங்கள் அதில் விரவிவருகின்றன. ஒவ்வொன்றும் ஒருவர் வாய்மொழி. நந்தன் பாடுகிறான், அவனைத் தடுக்கும் சேரியின் மூத்தோர் பாடுகின்றனர், வேதியர் பாடுகிறார். சேரியாரின் பேச்சில், நம் குலதெய்வங்கள் இருக்க நமக்கேன் தில்லை என்ற வாதம் வருகிறது. அதைப் பேதைமை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் தில்லைக்குச் சென்றால் அடிபடுவது நந்தன் ஒருவன் மட்டுமல்லன், சேரி முழுவதும் என்பதை அறிந்தவர்களின் அச்சம் அப்பேச்சில் ஒளிந்திருக்கிறது. இவற்றையெல்லாம் பாரதியாரின் கருத்து என்று எடுத்துக்கொண்டு, அவர் தாழ்த்தப்பட்டோரை இழித்துப் பாடினார் என்று குறைகூறுவோர் உளர். ஆண்டையின் வசவை ஆண்டையின் வாயிலேயே வைத்த புலவர்மீது அவ்வசவைச் சுமத்துதல் முறையன்று. அதே வேளையில், அவ்வசவைக் கேட்டுச் சிரித்து மகிழ்ந்த அவைகளும் இருந்திருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை.

திருப்புன்கூர்ப் பாடலை எடுத்துக்கொள்வோம். நந்தன் வாயிலுக்கு வெளியே நிற்கிறான். இறைவனுக்கும் அவனுக்கும் இடையே குன்றனைய கல் நந்தி கிடக்கிறது. தான் கோயிலுக்குள் வரப்போவதில்லை என்றும், தேர் நிற்கும் இடத்தினின்றே கண்டால் போதும் என்றும் அவன் முறையிடுகிறான். நந்தி விலகுகிறது. இன்றும் அத்தலத்தில் நந்தி நேர்க்கோட்டினின்றும் சற்றே விலகியிருப்பதைக் காணலாம். பாடலின் நேர்ப்பொருள் இவ்வளவே.

ஆயினும் சைவசித்தாந்தம் பயின்றோர், உயிர்க்கும் இறைவனுக்கும் இடையே நின்று மறைக்கும் மலமே அந்தக் காளை என்பர். அத்துவைதியான பாரதியார் சிதம்பரம் என்னும் சொல்லைச் சித்து, அம்பரம் என்று பிரித்து ஞானவெளி எனப் பொருள்கொள்ளும் மரபில் வந்தவர். ஆகவே உட்பொருள் காண்பதை வலிந்துரை என்று ஒதுக்க இயலாது. மூன்றாவது பொருளும் ஒன்று உண்டு. வாயிலில் மறைப்பது கல்நந்தி. ஆனால் வாயிலுக்கு அப்பால் நந்தனை நிறுத்திவைத்தது கல் அன்று. நந்தி விலகிய பின்னரும் நந்தன் உள்ளே போகவில்லை. விலகாத வேறொரு தடை அங்கே இருந்தது என்பதை அப்பாடல் தன் பணிவான கோரிக்கையாலேயே காட்டிவிடுகிறது. 'உள்ளே வரமாட்டேன்' என்று ஒருவன் தானே முந்திக்கொண்டு கூறுவது எதனால் என்று ஒரு மாணவன் கேட்டுவிட்டால், அந்தப் பாடம் முழுமையாக நடந்துவிட்டதாகக் கொள்ளலாம்.

அடிமைத்தனம் மிகக் கடினமானது என்று முறையிடும் கீர்த்தனை ஒன்றும் இவ்வாறே இருபொருள் தாங்கிநிற்பது. அதில் வரும் 'ஐயே' என்னும் விளி தில்லைக் கூத்தனுக்கும் பொருந்தும். நிலத்து ஆண்டைக்கும் பொருந்தும். அடிமை என்ற சொல்லும் அவ்வாறே. நாயன்மார் மரபில் அது பெருமைக்குரிய தொண்டு. பண்ணை வழக்கில் அது விலைபேசப்பட்ட உழைப்பு. பிற்காலத்தில் திருவண்ணாமலையில் முருகனார் இப்பாடலை ஞானநெறியின் அருமை கூறுவதாகக் கொண்டு, அதற்கு மாறாக ஆன்மவித்தை மிக எளிது என்று ஒரு பாடலைத் தொடங்க, இரமண மகரிசி அதை நிறைவுசெய்தார். அவ்விருவர் கண்டது ஆன்மிகப் பொருள். அதுவும் பாடலில் உள்ளதே. ஆனால் களத்துமேட்டில் நின்று அப்பாடலைக் கேட்ட ஒருவனுக்குக் கடினம் என்ற சொல் முதலில் எதை நினைவூட்டியிருக்கும் என்று எண்ணிப்பார்க்க உரையாசிரியர்க்கு இடம் வேண்டும்.

கீர்த்தனை வெளிவந்த காலத்தில் அதற்கு எழுந்த முதல் எதிர்ப்பு சமுதாயம் பற்றியதன்று, இலக்கணம் பற்றியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அக்காலத்துத் தமிழ்ப் புலமையின் முடிமணி. அவரிடம் சிறப்புப்பாயிரம் வேண்டிப் பாரதியார் பன்முறை நடந்தார். நூலில் இலக்கண வழுக்கள் மலிந்திருத்தலும், கதை பெரியபுராணத்தினின்றும் வேறுபட்டிருத்தலும் பிள்ளையவர்களுக்கு உடன்பாடாக இல்லை. பின்பு ஒருநாள் பாரதியார் அவர் வீட்டில் காத்திருந்தபோது தாமே மெய்ம்மறந்து பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு, பிள்ளையவர்கள் உள்ளம் உருகிப் பாயிரம் அளித்தார் என்று உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். அவர் இருவரையும் நேரில் அறிந்தவர். மாயூரத்தில் பாரதியாரிடம் சிலகாலம் இசை பயின்று, ஆசிரியரின் விருப்பமின்மை கண்டு அதை நிறுத்தியவர்.

இந்நிகழ்ச்சியை இசை இலக்கணத்தை வென்ற கதையாகச் சொல்லி மகிழ்வது வழக்கம். அதனினும் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்று இதில் அடங்கியுள்ளது. பிள்ளையவர்கள் வழு என்று கண்டவற்றுள் பல, பேச்சு வழக்குச் சொற்களாகவே இருத்தல் வேண்டும். சேரியில் வாழும் ஒருவன் தன் ஆண்டையிடம் பேசும் பேச்சைப் புராணச் செய்யுள் நடையில் வைக்க இயலாது. நந்தனைத் திருத்தமான தமிழில் பேசவைத்திருந்தால் பாயிரம் விரைவில் கிடைத்திருக்கும், நந்தன் கிடைத்திருக்கமாட்டான். கதை மாறுபாடு பற்றிய குறையும் அத்தகையதே. மாறுபட்ட பகுதியில்தான் பாரதியாரின் காலம் இருக்கிறது. காரைக்காலிலிருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவர் இந்நூல் அச்சேற உதவினார் என்பது, தமிழ்ப் புலவர் தயங்கிய இடத்தில் பிறநாட்டார் ஒருவர் முன்வந்த வியப்பு.

இக்கீர்த்தனைக்கு எழுதப்பட்ட உரைகளுள் சிறந்தது எது என்று கேட்டால், உரைநடையில் எழுதப்படாத ஒன்றையே காட்டவேண்டும். அதை எழுதியவர் சுப்பிரமணிய பாரதியார். சுதேசி இயக்கம் கிளர்ந்த நாள்களில் அவர் நந்தன் சரித்திர மெட்டுகளில் அரசியல் பாடல்கள் சில இயற்றினார். மார்கழித் திருநாளுக்குப் போக விரும்பிய நந்தனை ஆண்டை இழித்துப் பேசும் பாட்டின் மெட்டை எடுத்து, தன்னாட்சி கேட்ட இந்தியனை ஆங்கிலேய அதிகாரி இழித்துப் பேசுவதாகப் பாடினார். சேரியார் நந்தனை நோக்கி, இது நம் சாதிக்கு அடுக்குமா என்று கேட்கும் பாட்டின் மெட்டில், நிதானக் கட்சியார் திலகரைக் கடிந்துகொள்வதாக மற்றொன்று பாடினார்.

இவை வெறும் மெட்டுக் கடன் அல்ல. நந்தன் கதையை அறிந்த அவை அப்பாடலைக் கேட்ட அக்கணமே ஆங்கிலேயனை ஆண்டையின் இடத்திலும், தன்னைப் பண்ணையாளின் இடத்திலும் வைத்து உணர்ந்திருக்கும். மேல்சாதியிற் பிறந்த சுதேசியும் அந்நேரம் புலைச்சேரியில் நின்றாக வேண்டும். அவ்வாறு நிற்கவைத்ததுதான் பாரதியின் சூழ்ச்சித்திறன். நந்தன் கேட்டது பக்திக்கான விடை மட்டுமன்று, விடுதலை என்பதை இவ்வளவு சுருக்கமாக உரைத்தவர் வேறு எவருமிலர். சேரியாரின் தயக்கத்தை நிதானக் கட்சியின் தயக்கத்தோடு இணைத்ததும், அத்தயக்கம் அச்சத்தில் பிறந்தது என்ற நுண்பொருளை அவர் உணர்ந்திருந்ததைக் காட்டும்.

இதன்பின் நந்தன் பாட்டு பல அவைகளுக்குச் சென்றது. தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் கதாகாலட்சேபத்தில் இதைப் பரப்பினார். 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராகவும் நடித்தனர். 1942இல் ஜெமினியின் 'நந்தனார்' படத்தில் தண்டபாணி தேசிகர் நடித்துப் பாடினார். இவற்றுக்கிடையே 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தனர். ஆலயநுழைவு பற்றிய சட்டங்களும் வந்தன. பாட்டு சட்டத்தை உண்டாக்கியது என்பது மிகையாகும். ஆயினும் ஊர்தோறும் அப்பாட்டைக் கேட்டு நந்தனுக்காகக் கண்ணீர் விட்டோர், தம் ஊர்க் கோயில் வாயிலில் நின்றவனைப் பார்க்காமல் இருப்பது வரவர அரிதாகியிருக்கும்.

நந்தன் பெயரைத் தாழ்த்தப்பட்டோர் தாமே எடுத்துக்கொண்ட வரலாறும் ஒன்றாக இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் பெரியபுராணக் கதையையே ஏற்கவில்லை. நந்தன் பௌத்த மன்னன் என்றும், அவன் வரலாறு மறைக்கப்பட்டது என்றும் வாதிட்டார். சுவாமி சகஜானந்தரோ நந்தனார் பெயரைப் போற்றி, 1916இல் சிதம்பரத்திலேயே நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, சேரிப் பிள்ளைகளுக்குக் கல்வி அளித்தார். ஒருவர் கதையை மறுத்தார். மற்றவர் கதையின் பெயரால் ஒரு பள்ளியைக் கட்டினார். இருவரும் தீக்குழியைத் தாண்டி நந்தனை மீட்கவே முயன்றனர் எனலாம்.

இலக்கியத்தில் புதுமைப்பித்தன் 1934இல் எழுதிய 'புதிய நந்தன்' சிறுகதை, ஆதனூரையே களமாகக் கொண்டு, ஒரே இருப்புப்பாதையில் ஒரு சேரிக் கிழவனையும் இரு இளைஞரையும் மாளவைக்கிறது. பழைய நந்தன் தீயில் புனிதனானான். புதிய நந்தனுக்கு அதுவும் இல்லை. இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகம் அத்தீயையே ஐயத்துக்கு உள்ளாக்கி, அதனைச் சூழ்ச்சியாகக் காட்டுகிறது. கோபாலகிருஷ்ண பாரதியாரால் அவ்வளவு தூரம் செல்ல இயலவில்லை என்பது உண்மை. அவருடைய நந்தனும் தீயில் மூழ்கியே உள்ளே செல்கிறான். ஆண்டை மனம் மாறுகிறார், ஆனால் தில்லையின் விதி மாறுவதில்லை. நாற்பது வேலியின் வேலையும் இறைவனால் செய்யப்படுகிறதேயன்றி, ஆண்டையால் தள்ளுபடி செய்யப்படுவதில்லை. இந்த எல்லையைச் சுட்டிக்காட்டாமல் அவரைச் சீர்திருத்தவாதி என்று புகழ்ந்துவிடுதல் அவருக்கும் நியாயமாகாது. ஆனாலும் சேக்கிழார் பேசாமல் விட்ட தடைக்கு ஒரு முகமும் குரலும் தந்தவர் அவரே. அம்முகத்தை அவர் படைத்திராவிடில், பின்வந்த பாரதி முதலியோர்க்குப் பேச மெட்டும் கிடைத்திராது.

இன்று கச்சேரி மேடைகளில் நந்தன் வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று இறைஞ்சும் பாடல் உருக்கத்தோடு பாடப்படுகிறது. அவையினர் கண்மூடிக் கேட்கின்றனர். ஆண்டை அவனை வைது பாடும் பாடலும், சேரியார் அஞ்சித் தடுக்கும் பாடலும் பெரும்பாலும் மேடைக்கு வருவதில்லை. அவை அச்சிட்ட நூலின் பக்கங்களில் இருக்கின்றன. அப்பக்கங்களைத் திறந்து, வேதியர் பகுதியை ஒரு மாணவனும் நந்தன் பகுதியை மற்றொரு மாணவனும் வகுப்பில் படிக்கச் செய்யும் ஆசிரியர், முதலில் சற்று நேரம் அமைதி நிலவக் காண்பார். பின்னர் கேள்விகள் வரும்.